அடுப்பு நெருப்பில் செய்த ரேடியோ

மேல் டிவிஷன், பழைய லயம், 4-ஆம் நம்பர் அறை
வண்டிப்பெரியார்
19.8.1974

கதிரொலி அஞ்சல்வழி ரேடியோப் பள்ளியின் வாத்தியார் ஐயா அவர்களுக்கு,

சின்னமுத்துவின் தாய் முத்துப்பேச்சி எழுதுவது. நலம் என்று முதலில் எழுத வேண்டும் என்பது தெரியும். கை வரவில்லை. அதை விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

உங்கள் பள்ளியிலிருந்து மூன்று கார்டு வந்துவிட்டது. "மாணவர் எண் 614, பத்தாம் பாடத்தின் விடைத்தாள் வரவில்லை, உடனே அனுப்பவும்" என்று மூன்றிலும் ஒரே மாதிரி அச்சடித்திருக்கிறது. அவன் அனுப்ப மாட்டான் ஐயா. ஆனி மாதம் பதினெட்டாம் தேதி என் மகன் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். வயது இருபத்தொன்று. பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்தான். பச்சிலையும் கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போனோம். அவன் தகப்பன் மொக்கையன் மரம் வெட்டும்போது கிளை விழுந்து போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இனி எனக்கு யாரும் இல்லை.

கார்டு வந்தால் தபால்காரர் யாக்கோபு கீழே ரோட்டில் நின்றுகொண்டு அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அவருக்கு அது பழக்கம். நான் மேலே தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பேன். "சின்னமுத்தூ" என்று சத்தம் கேட்டதும் கை தன்னால் நின்றுபோகிறது. அதனால் இனி கார்டு போட வேண்டாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் பாடத்தைப் பார்த்து அவன் செய்த ரேடியோ இங்கே சுவர்ப் பலகையில் இருக்கிறது. தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்துக் கூடு செய்தான். உள்ளே சாமான் எல்லாம் வைத்துவிட்டான். ஆனால் பேசவில்லை. படுக்கையில் கிடந்தபோது என்னிடம் சொன்னான்: "எம்மா, பொட்டிய யாரும் தொட வேண்டாம். இன்னும் ஒரே ஒரு சாமான்தான். எந்திரிச்சதும் நானே வச்சிருவேன்."

அந்த ஒரு சாமான் என்ன, அதை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். நானே வைத்துப் பார்க்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக எழுதினால் வாசித்துவிடுவேன்.

இப்படிக்கு
மொ. முத்துப்பேச்சி

*

கதிரொலி அஞ்சல்வழி ரேடியோப் பள்ளி
பொள்ளாச்சி ரோடு, கொழிஞ்சாம்பாறை
2.9.1974

திருமதி முத்துப்பேச்சி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மாணவர் எண் 614-இன் மறைவுச் செய்தி அறிந்து பள்ளியின் சார்பில் எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம். இனி நினைவூட்டுக் கார்டு எதுவும் வராது.

தாங்கள் கேட்ட விஷயம். ரேடியோவின் உள் வேலை, பாடங்களை வரிசையாகப் படித்தவர்களுக்கே கைகூடும். ஒரு கம்பி இடம் மாறினால் மற்றதும் கெட்டுவிடும். பாதியில் நின்ற செட்டைச் சரிசெய்ய ஆகும் சிரமத்தைப் பார்த்தால், கடையில் தயாராக விற்கும் டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்கிக்கொள்வதே தங்களுக்கு நல்லது. இப்போது நல்ல செட்டுகள் வருகின்றன. வாங்கியதும் பாடும், தொல்லை இல்லை. வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தால் தங்கள் மனதுக்கும் சற்று ஆறுதலாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள
சூ. அமிர்தநாதன்
பாடத் திருத்துநர்

*

வண்டிப்பெரியார்
15.9.1974

வாத்தியார் ஐயாவுக்கு,

முத்துப்பேச்சி எழுதுவது. பெரிய எழுத்தில் எழுதியதற்கு உங்கள் கைக்குப் புண்ணியம்.

கடையில் வாங்குங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதமாக நான் அவனுக்குச் சொன்ன வார்த்தையும் அதேதான். இங்கே லயத்தில் கரண்டு கிடையாது. ஈயம் வைக்கிற கோலை நான் சோறு பொங்குகிற அடுப்பில்தான் காயவைப்பான். கனலில் சொருகி, சிவந்ததும் எடுத்து, சாம்பலை ஊதித் தட்டிவிட்டு, அது ஆறுவதற்குள் ஓடிப்போய் ஒரு பொட்டு வைப்பான். அதற்குள் ஆறிவிடும். மறுபடி அடுப்பு. ஒரு பொட்டு ஈயத்துக்கு மூன்று தடவை ஓடுவான். என் குழம்பு தீய்ந்துபோகும்.

"கடைக்குப் போனா பாடிக்கிட்டே கைக்கு வருது. நீ என்னலே அடுப்பங்கரையில உக்காந்து வெரலச் சுட்டுக்கிட்டுக் கெடக்க?" என்பேன்.

"கடையில வாங்குனா அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமாம்மா? இதுக்குள்ள இருக்கிறது ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்" என்பான்.

"தெரிஞ்சு என்னத்துக்கு? பேசலியே. உன் கைக்கு இது வராதுலே."

இதை நான் ஒரு தடவை சொல்லவில்லை ஐயா. தினம் சொன்னேன். அடுப்பை ஊதும்போது சொன்னேன், கொழுந்துக்குப் போகும்போது சொன்னேன். காமாலைக்கு முந்தின நாள்கூடச் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தப் பெட்டி பேசிவிட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பாட்டுக் கேட்பதற்கு இல்லை.

பாட்டுக்கு இங்கே குறைவும் இல்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் வேலை செய்கிற அறையில் இன்னொரு குடும்பத்தையும் வைப்பது எஸ்டேட் வழக்கம். ஆவணி பாதியில் ராக்கப்பன், குருவம்மாள் என்று புருஷன் பெண்டாட்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். நடுவில் சாக்குப் படுதா கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். அவர்கள் வரும்போதே கம்பம் டவுனில் வாங்கிய ரேடியோ ஒன்றைத் தோல் உறையோடு கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கும். சாக்குக்குக் காதை அடைக்கத் தெரியாது.

குருவம்மாள் நல்ல மனுஷி. அதுதான் கஷ்டம், சண்டை போடவும் முடியவில்லை. முந்தாநாள், "யக்கா, எங்க பொட்டி வாய மூட மாட்டேங்குது, ஒங்க பொட்டி மௌனச் சாமியாரா இருக்கு" என்று சிரித்துவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராக்கப்பன் அப்படி இல்லை. "தாயி, பேசாத பொட்டிக்கு எதுக்குப் பலகை? அத எறக்கிட்டா நம்ம கோழிக்கூட்ட அங்கன வச்சிரலாம்" என்கிறான். நான் மாட்டேன் என்றேன். எத்தனை நாள் சொல்ல முடியும்? அறை எஸ்டேட்டுடையது, பாதி அவர்களுடையது.

வேறு எங்காவது போகலாமே என்று கேட்பீர்கள். வேலையை விட்டால் இந்தப் பாதி அறையும் போகும். சங்கரன்கோவில் பக்கம் ஊர் என்று ஒரு பெயர் இருக்கிறது. அங்கே கதவைத் திறக்க ஆள் இல்லை. வயதாகிவிட்டது என்று பேர் வெட்டி அனுப்ப இன்னும் பதினாலு வருஷம் இருக்கிறது. அதுவரை இந்தச் சாக்குக்குப் பின்னால்தான்.

அந்த ஒரு சாமான் என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு
முத்துப்பேச்சி

*

கொழிஞ்சாம்பாறை
30.9.1974

அன்புள்ள அம்மா,

தங்கள் இரண்டாம் கடிதத்தைப் பள்ளியில் வைத்துப் படிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலை நினைத்து வெட்கமாக இருக்கிறது. மாதம் இருநூறு தாள் திருத்துகிறேன். பெயர்கள் எண்ணாகிவிடுகின்றன.

இன்று 614-இன் தாள் கட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது விடைத்தாளும் என் சிவப்பு மையில்தான் இருக்கின்றன. அடுப்பில் கோலைக் காய்ச்சி ஈயம் வைக்கிறான் என்பது எனக்கு இதுவரை தெரியாது. கரண்டு உள்ள ஊர்க்காரர்களே கேள்வியைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இவன் எதையும் விட்டதில்லை.

கடைசித் தாள் ஜூன் மாதம் வந்தது. அதன் அடியில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறான். அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "என் செட்டில் ஒரு காயில் அறுந்துவிட்டது. ஈரக் கையோடு தொட்டுவிட்டேன். தவறு என்னுடையது. தயவுசெய்து வேறு காயில் அனுப்பவும்." காயில் என்பது சின்னத் தகர மூடிக்குள் சுற்றியிருக்கும் மெல்லிய செம்புக் கம்பி. அப்போது எங்களிடம் கைவசம் இல்லாததால் அனுப்பவில்லை. அந்த ஒரு சாமான் இதுதான்.

அதைத் தாங்கள் வைக்க முடியாது அம்மா. ஆனால் நான் வைப்பேன். வெளி செட்டுகளை ரிப்பேருக்கு வாங்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. தனித்தாளில் எழுதியிருக்கும் என் வீட்டு விலாசத்துக்குப் பார்சல் போடுங்கள். டார்ச் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்
அமிர்தநாதன்

*

வண்டிப்பெரியார்
14.10.1974

அன்புள்ள வாத்தியார் தம்பிக்கு,

உங்களைத் தம்பி என்று எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

பெட்டி இன்றைக்குக் கீழே போகிறது. போஸ்ட் ஆபீசுக்கு நானே கொண்டுபோக அரைநாள் லீவு கேட்டேன். கொழுந்து அடைத்துக் கிடக்கிற சமயம். கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டான்: "உசிரோட இருக்கிறவளுக்கே லீவு இல்ல. செத்தவன் ரேடியோவுக்கு லீவா?" இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு என் தேயிலை நிரைக்குப் போய்விட்டேன்.

கடைசியில் யாக்கோபுதான் தன் சைக்கிளில் கொண்டுபோகிறேன் என்றார். சின்னமுத்துவின் வேட்டி ஒன்றை நான்காக மடித்துச் சுற்றி, மேலே சாக்குத் தைத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது பார்சலா, பச்சப் புள்ளையா? இப்படிப் பொதிஞ்சு வச்சிருக்கே?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனிக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

பலகை வெறுமையாக இருக்கிறது. ராக்கப்பன் பார்த்துவிட்டான். "திரும்பி வந்துரும், பேசிக்கிட்டே வரும்" என்று சொல்லி என் வெங்கலப் பானையைத் தூக்கி அங்கே வைத்துவிட்டேன், இடம் போய்விடாமல்.

ஒன்று சொல்ல வேண்டும். ஈரக் கை என்று அவன் எழுதியது எனக்கு நம்பிக்கை இல்லை. பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் என் சேலைத் தலைப்பில் மூன்று தடவை கையைத் துடைப்பான். மழைக்காலத்தில் அடுப்பில் காட்டிக்கூட உலர்த்துவான். "ஈரம் பட்டாப் போச்சும்மா" என்று எனக்கே சொல்லுவான். அப்படிப்பட்டவன் ஈரக் கையோடு தொட்டானாம். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அவன் வைத்த எதையும் தேவையில்லாமல் கழற்றிவிடாதீர்கள். கூட்டில் ஒரு மூலை சரியாக ஒட்டவில்லை, அதுவும் அப்படியே இருக்கட்டும். செபமாலையம்மாள் என்று உங்கள் வீட்டு விலாசத்தில் பெயர் இருந்தது. உங்கள் வீட்டம்மா என்று நினைக்கிறேன். அவர்களுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு
முத்துப்பேச்சி அக்காள்

*

கொழிஞ்சாம்பாறை
18.11.1974

அன்புள்ள அக்காவுக்கு,

ரேடியோ தயார். நேற்று முழுவதும் பாடவிட்டுப் பார்த்தேன். சத்தம் தெளிவாக இருக்கிறது. இன்றே பார்சலில் அனுப்பிவிட்டேன். நான்கு கட்டைகளைப் போட்டு, இடது பக்கத் திருகைத் திருப்பினால் போதும். இனி அதற்கு ஒரு குறையும் வராது. கவலையை விட்டுவிட்டு நிம்மதியாகக் கேளுங்கள்.

அன்புடன்
அமிர்தநாதன்

*

வண்டிப்பெரியார்
2.12.1974

ஐயா,

பெட்டி வந்தது. கட்டை போட்டேன். பாடியது. குருவம்மாள் கையைத் தட்டினாள். நானும் ஒரு நிமிஷம் அழுதேன்.

பிறகு பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் அதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். படிக்காதவள், பாடினால் போதும் என்று இருந்துவிடுவாள் என்று நினைத்தீர்கள்.

ஐயா, அவன் போன பிறகு தினமும் அந்தப் பலகையைக் கழற்றி உள்ளே தூசி ஊதிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போனேன். பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் அவன் ஈயம் தெரியும். அடுப்பில் காய்ந்த கோல், பாதி ஆறிப்போய் வைத்தது. ஒவ்வொன்றும் கேழ்வரகு உருண்டை மாதிரி பெரிசு பெரிசாக இருக்கும். சுற்றிலும் சாம்பல் கறுப்பு இருக்கும். ஓரத்தில் ஒன்றை நான் கூப்பிட்ட சத்தத்தில் கை ஆடி இழுத்துவிட்டான், அதற்கு வால் இருக்கும். நீங்கள் அனுப்பியதில் எல்லாம் கடுகு மாதிரி சின்னதாக, பளபள என்று, ஒரே அளவாக இருக்கிறது. கூடு மட்டும்தான் என் மகன் செய்தது. உள்ளே இருப்பது கடை ரேடியோ.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை மாற்றிக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். மாற்றிக் கொடுத்த பிள்ளை நன்றாகப் பாடுகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

இது பாட ஆரம்பித்ததிலிருந்து லயத்தில் எல்லாரும், "சின்னமுத்து கெட்டிக்காரன்தான்" என்கிறார்கள். அதைக் கேட்க முடியவில்லை. அவன் செய்யாததற்கு அவனைப் புகழ்கிறார்கள். ராக்கப்பன்கூடக் கோழிக்கூட்டை வெளியே வைத்துவிட்டான். உள்ளே இருப்பது எனக்கு மட்டும் தெரியும். யாரிடம் சொல்ல? இந்த அறையில் பொய்யோடு அடைபட்டுக் கிடக்கிறேன்.

ஊமையாக இருந்தாலும் பரவாயில்லை, என்னுடையதை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். குப்பையில் போட்டுவிட்டீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. அவன் செய்தது எங்கே தப்பு? ஈரக் கை என்று சொல்லாதீர்கள். அவன் கைக்கு அது வரவில்லையா? நான் சொன்னதுதான் சரியா? அதை நேராகச் சொல்லுங்கள். அதற்கு மேல் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மொ. முத்துப்பேச்சி

*

கொழிஞ்சாம்பாறை
20.12.1974

அக்காவுக்கு,

ஐயா என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேண்டியதுதான்.

குப்பையில் போடவில்லை. அவன் செய்த உள்பாகம் முழுவதும் என் மேஜையில்தான் இருந்தது. உங்கள் கடிதத்தைச் செபமாலை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, அந்தம்மா உங்ககிட்டக் கேட்டது ரேடியோவுங்களா? மகன் செஞ்சதையல்ல கேட்டாங்க? கடைச் சாமானத் திணிச்சு அனுப்பிப்போட்டு, நீங்க பாட்டுக்கு நிம்மதியாச் சோறு திங்கறீங்க!" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அன்று ராத்திரியே அவன் செட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

நான் ஏன் மாற்றினேன் என்று சொல்கிறேன். உங்களை ஏமாற்ற அல்ல. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் தப்பிக்கத்தான்.

செட்டைத் திறந்ததும் முதலில் அவன் வேலையை முழுக்கச் சோதித்தேன். ஒரு கம்பிகூட இடம் மாறவில்லை. ஒரு ஈயம்கூட விட்டுப்போகவில்லை. பார்வைக்கு முரடு, ஆனால் எல்லாம் இறுகப் பிடித்திருக்கிறது. அவன் செய்தது எங்கேயும் தப்பு இல்லை அக்கா. அவன் கைக்கு அது வந்தது.

பிறகு காயில் இருக்கும் தகர மூடிகளைக் கழற்றினேன். நான்கு மூடி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் துளை உண்டு. நான்குக்கு உள்ளேயும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கூடவே குங்குமம், மஞ்சள் தண்ணீர் இறங்கிய தடம். தலைமயிரைவிட மெல்லிய கம்பி அது. பச்சை பூத்து, ஒன்று அறுந்தே போயிருந்தது. மற்ற மூன்றும் அரித்துக் கிடந்தன.

யாரோ பூஜை போட்டு, துளை இருக்கும் இடம் பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சின்னமுத்துவுக்கு இது தெரிந்திருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தவனுக்கு அந்தச் சிவப்பு தெரியாமல் போகாது. பார்த்துவிட்டுத்தான் ஈரக் கை என்று எழுதியிருக்கிறான். உங்களை ஒருவரும், எங்கோ இருக்கும் நான்கூட, குறை சொல்லக் கூடாது என்று. அந்தப் பொய்யை அவனுக்காக நான் காப்பாற்றலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் கை தப்பா என்று நீங்கள் கேட்ட பிறகு, அதைக் காப்பாற்றினால் பழி அவன் தலையில் நின்றுவிடும்.

அவன் செட்டில் நான்கு காயில் மட்டும் மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. வால் உள்ள ஈயமும் அப்படியே இருக்கிறது. பேசுகிறது. இந்த உள்பாகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கூடு உங்களிடம் இருக்கிறது; பின்பலகையைத் திறந்து, கடைப் பாகத்தின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, இதை அந்த இடத்தில் வைத்து முடுக்கினால் போதும்.

என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் விருப்பம். ஒரு வரி எழுதினால் போதும்.

அமிர்தநாதன்

*

வண்டிப்பெரியார்
26.1.1975

அன்புள்ள தம்பி அமிர்தநாதனுக்கும் செபமாலைக்கும்,

தாமதத்துக்குக் கோபம் காரணம் இல்லை. பென்சிலை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

பொட்டு வைத்தது நான்தான். போன வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை. அவன் ஈயம் எல்லாம் வைத்து முடித்திருந்தான். "பூஜை போட்டுத்தான் வாயத் தொறக்கணும்" என்று நான் ஒரே பிடிவாதம். அவன் ஃபாக்டரிப் பூஜைக்குப் போயிருந்த நேரம், அரிவாள், கவ்வாத்துக் கத்தி, கூடை, எல்லாவற்றோடும் பெட்டியையும் திறந்து வைத்தேன். உள்ளே நான்கு தகர மூடி, வரிசையாகச் சின்னச் சாமி மாதிரி இருந்தது. தலையில் துளை வேறு, பொட்டு வைக்க என்றே செய்த மாதிரி. நான்குக்கும் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமம் இட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "எம்மா, பொட்டு வைக்கிறேன்னுதான சொன்ன, குளிப்பாட்டியாச்சா?" என்று சிரித்தபடி சட்டையால் துடைத்தான். மறுநாள் கட்டை போட்டான். பேசவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தேன், உன் கைக்கு வராது என்று.

ஜூன் மாதம் ஒரு நாள் சாயங்காலம் அவன் உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தான். "என்னலே?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் தண்ணி குடு" என்றான். அன்றைக்குத்தான் கண்டிருக்கிறான். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னேன் தம்பி. அவன் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்தான்.

நீங்கள் எழுதியிருக்க வேண்டாம் என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவன் சுமந்தது என்னுடையது. என்னிடம் வந்து சேர வேண்டியதுதான்.

பார்சல் தை மூன்றாம் நாள் வந்தது. பிரித்துப் பார்த்தேன். எல்லாம் அவனுடையது. நீங்கள் எழுதியபடி அவன் கூட்டில் வைத்து முடுக்கினேன். லயத்தில் ஆறு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, முதலில் வந்தது கடைச் சாமான், இதுதான் அவன் செய்தது என்று சொல்லிவிட்டுத் திருகைத் திருப்பினேன். பாட்டு வந்தது. ராக்கப்பன் குனிந்து உள்ளே பார்த்து, "அடேயப்பா, அடுப்புக் கரியிலயா பய இதச் செஞ்சான்? கடைக்காரன் தோத்தான் தாயி!" என்றான். அன்றைக்கு முழுக்க எனக்குப் பசி இல்லை.

மறுநாள் காலை ஆறு மணி. அவர்கள் பக்கம் அவர்கள் போட்டார்கள். என் பக்கம் நான் போட்டேன். நெல்லுக்கு எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். சாக்குக்கு அந்தப் பக்கமும் அவர்தான், இந்தப் பக்கமும் அவர்தான். அவர் இருமினால் இரண்டிலும் இருமினார். ஒரு சொல் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. "யக்கா, ரெண்டும் ஒண்ணத்தான் பேசுது, ஒண்ண நிப்பாட்டுங்க, காது கொள்ளல" என்றாள் குருவம்மாள்.

நான் என்ன எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் செய்த பெட்டி வேறு ஏதோ சொல்லும் என்று இருந்திருக்கிறேன். என்ன சொல்லும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இத்தனை மாதம் அதற்காகத்தான் காத்திருந்தேன். அது நெல்லுக்கு மருந்து சொல்கிறது. இந்த மலையில் நெல்லே கிடையாது.

நான் என்னுடையதை நிறுத்தினேன். அவர்களுடையது பேசிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தும் திருகு என் பக்கம் இல்லை.

முதலில் அனுப்பிய கடைப் பாகத்தை வேட்டித் துணியில் சுற்றி இத்துடன் திருப்பியிருக்கிறேன். யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள். உங்களை மன்னிக்க ஒன்றும் இல்லை தம்பி. என் மகன் எனக்காகச் சொன்ன பொய்யை உங்களால் கடைசி வரை காப்பாற்ற முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இனி எனக்கு எழுத வேண்டாம். யாக்கோபு இப்போது என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். கேட்டதும் இன்னும் ஏதோ ஒரு சாமான் வர வேண்டியிருக்கிறது போலக் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. நான் நிரையிலேயே நிற்கப் பழக வேண்டும்.

பெட்டி பலகையில்தான் இருக்கிறது. வேலை விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் போடுகிறேன். பேச்சும் பாட்டும் வருகிற இடத்தைத் தாண்டி, யாரும் பேசாத இடத்தில் முள்ளை நிறுத்திவிடுகிறேன். மழை தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் வரும். குருவம்மாள், "என்னக்கா, மறுபடி கெட்டுப்போச்சா?" என்கிறாள். இல்லை, நன்றாக இருக்கிறது என்கிறேன். அது யாரும் எங்கிருந்தோ அனுப்பியது இல்லை, அவன் வைத்த ஈயமும் கம்பியும் தன்னால் போடுகிற சத்தம் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கடைப் பெட்டியிலும் அந்த இடத்தில் இதே இரைச்சல்தான் வருமோ என்னவோ. நான் ஒத்துப் பார்க்கவில்லை.

இப்படிக்கு
சின்னமுத்துவின் தாய்
முத்துப்பேச்சி